கஸ்தூரிக்கு என்ன வியாதி

மார்ச் 4, திங்கள்

மதிய ஷிஃப்ட். எங்கள் ஊர் குலாயில் பன்னிரண்டு மணிக்கே மழை இருட்டிவிட்டது. எங்கள் டயாலிசிஸ் சென்டரில் இரண்டு மணிக்கு மேல் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். ஏர்கோன் குளிர், போர்வை, மெஷின்களின் ஒரே சுருதி. கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டு நின்றால் அறையே ஒரு குளத்துக்கு அடியில் இருப்பது போலத் தோன்றும். ஆட்கள் மூழ்கிக் கிடக்கிறார்கள். குழாய்களில் ரத்தம் மட்டும் நிதானமாகப் போய் வருகிறது.

வேலை நேரத்தில் எனக்கு இப்படியெல்லாம் தோன்றக்கூடாது. தோன்றுகிறது.

ஏழாம் நாற்காலி சுகுமாறன். முப்பத்தாறு வயது. பக்கத்து ஊர் செனாயில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிச் செயலிழந்து மூன்று வருடம் ஆகிறது. ஏன் வந்தது என்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. திங்கள், புதன், வெள்ளி இங்கே வந்து நான்கு மணி நேரம் படுத்தால்தான் உயிர். இன்றைக்கு அளவுக்கு மீறிக் குடித்து, உடம்பில் மூன்றரைக் கிலோ தண்ணீரோடு வந்திருந்தார். திட்டினேன்.

"நேத்து கனவுல மெர்சிங் போனேன் டிரஸர். கடல் முழுக்கத் தித்திப்பு. படகுல உக்காந்துகிட்டு அள்ளி அள்ளிக் குடிச்சேன். கனவுல குடிச்சதுக்குமா எடை போடுவ?"

எல்லோரும் என்னை டிரஸர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிக் காலத்துப் பெயர். நான் டிப்ளோமா முடித்த ஸ்டாஃப் நர்ஸ் என்று விளக்கிப் பார்த்தேன். நர்ஸ் என்றால் மிஸி, மிஸி என்றால் பெண், ஆகவே நீ டிரஸர். விட்டுவிட்டேன்.

தண்ணீரைக் கனவு காணாத நோயாளி இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

மார்ச் 8, வெள்ளி

லைசென்ஸ் புதுப்பிக்கப் புள்ளி குறைகிறது என்று நர்சிங் அறநெறி பற்றி ஒரு ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்தேன். நான்கு சொற்கள். நோயாளியின் விருப்பம், நன்மை, தீங்கு செய்யாமை, நீதி. கேள்வித்தாளை ஒரு கோப்பி ஆறுவதற்குள் முடித்து முழு மதிப்பெண் வாங்கிவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உண்மையைச் சொல். ரகசியத்தைக் காப்பாற்று. முடிந்தது கதை.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். நம் அனுபவத்திலிருந்து ஒரு சம்பவத்தை எழுதி ஆகஸ்டுக்குள் அனுப்ப வேண்டும்.

கூட வேலை செய்யும் ஷிரீனிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "உண்மைய நீ ஊசி மாதிரித்தான் போடுவ மகேஸ். ஸ்பிரிட்கூடத் தடவ மாட்ட."

மார்ச் 10, ஞாயிறு

சுகுமாறனின் அம்மா ராசம்மா கோயிலுக்கு வரச் சொல்லியிருந்தார். போனேன்.

விஷயம் இது. சுகுமாறனுக்கு மாற்றுச் சிறுநீரகம் பார்க்கிறார்கள். மனைவி பிரேமலாவின் ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. மிச்சம் தங்கை கஸ்தூரி. இருபத்தேழு வயது, செனாயில் ஒரு ஃபேக்டரியில் வேலை, கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். ரத்த வகை சேர்கிறது. அதற்குமேல் பரிசோதனை எதுவும் முடியவில்லை. ஆனால் இன்றைக்குக் கோயில் மண்டபத்தில் அவளைப் பட்டுக்கட்டி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வளைகாப்பு மாதிரி. மாலை, வளையல், சீர்த்தட்டு. பெண்கள் வரிசையாக வந்து கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அண்ணி பிரேமலா காலில் விழுந்தே விட்டாள்.

"என் மகனுக்கு இவதான் இன்னொரு தாய்," என்று ராசம்மா மைக்கில் சொன்னார்.

ராசம்மாவிடம் நேராகவே கேட்டேன். "இன்னும் டெஸ்டே முடியலயேம்மா, அதுக்குள்ள எதுக்கு இதெல்லாம்?" அவர் என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார்.

கஸ்தூரி எல்லாப் படத்துக்கும் சிரித்தாள். சந்தனம் காய்ந்து கன்னத்தில் வெடித்தது. அவளுடைய இடது கை மட்டும் இடுப்பை விட்டு எடுபடவே இல்லை.

மார்ச் 26, செவ்வாய்

தானம் கொடுப்பவரின் ரத்த அழுத்தத்தைச் சில வாரம் பார்த்துக்கொண்டு வரச் சொல்லிப் மாற்று ஆபரேஷன் செய்யும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். அதனால் கஸ்தூரி வேலை முடிந்து இங்கே வருகிறாள். இன்றைக்கு முதல் தடவை. நூற்றுப் பதினாறு. நல்ல ஆரோக்கியம்.

"எவ்ளோ இருந்தாண்ணே எடுத்துக்க மாட்டாங்க?"

"அடிக்கடி நூத்தி நாப்பதுக்கு மேல போனா யோசிப்பாங்க."

கேட்டால் பதில் சொல்லிவிடுவேன், அது என் பழக்கம். அவள் அந்த எண்ணை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவள் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. பாஸாக நினைக்கிறவர் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

மார்ச் 29, வெள்ளி

நூற்று ஐம்பத்திரண்டு.

"என்ன சாப்ட?"

"ஒன்னுமில்லண்ணே."

"கஸ்தூரி."

கருவாடு. இரண்டு பாக்கெட் மீ நூடுல்ஸ், உப்புச் சூப்போடு. பால் இல்லாத கோப்பி ஓ இரண்டு. பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடி வந்திருக்கிறாள். மெஷினை ஏமாற்றலாம் என்று நினைத்தாள் போல. நான் அவளை உட்கார வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். திரும்பி வந்து எடுத்தபோது நூற்று இருபத்தெட்டு.

"மொத எடுத்ததயே எழுதுங்கண்ணே."

"முடியாது. நான் பொய் எழுத மாட்டேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள். எனக்குப் பயமா இருக்குண்ணே. வேற காரணம் ஒன்னும் இல்ல. காரணம் இருந்தா சொல்லியிருப்பேன். அண்ணன் மேல கோவம் கிடையாது. அவருக்காக என்ன வேணாலும் செய்வேன், இது மட்டும் முடியல. கத்தி வைக்கிற மாதிரி தினம் கனவு வருது. மாலைய வேற போட்டுட்டாங்க. இனிமே எப்படி வாயத் திறக்கிறது?

காரணம் ஏதாவது இருக்கும் என்று காத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் மறுக்கிறார்கள், பிறகு பிள்ளை பெறுவதில் சந்தேகம், இப்படி ஏதாவது. அப்படி இருந்தால் விளக்கம் சொல்லித் தீர்த்திருப்பேன். பயத்துக்கு என்ன விளக்கம் சொல்வது?

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில் தானம் கொடுப்பவரைத் தனியாக உட்கார வைத்து ஒரு டாக்டர் பேசுவார். குடும்பத்தில் யாரும் உள்ளே வர முடியாது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கேட்கமாட்டார்கள். வீட்டுக்குப் 'பொருந்தவில்லை' என்று மட்டும்தான் சொல்வார்கள். அதற்குமேல் யார் கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டார்கள். அங்கே வேலைமுறையே அப்படித்தான்.

"நெசமாவா?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்?"

மார்ச் 30, சனி

அவள் என் நோயாளி இல்லை. ஏழாம் நாற்காலிதான் என் நோயாளி. நான் யாருக்கு நர்ஸ்?

ஏப்ரல் 3, புதன்

சுகுமாறன் ஆபரேஷனுக்குப் பிறகு குடிக்கப் போவதையெல்லாம் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் சாதாரணத் தண்ணீர், பெரிய சொம்பு, மூச்சு விடாமல். அப்புறம் சிராப் பண்டோங். அப்புறம் மூவார் ரோட்டுக் கடையில் செண்டோல். பேசிக்கொண்டே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஊசி குத்திய இடத்தைச் சரிபார்ப்பது போல ரொம்ப நேரம் குனிந்து நின்றேன்.

ஷிரீனிடம் கோர்ஸுக்கு ஒரு கேஸ் என்று சொல்லிப் பெயரெல்லாம் மாற்றிக் கேட்டேன். நோன்பு அவளுக்கு. பேன்ட்ரியில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"அவங்க உறுப்பு, அவங்க இஷ்டம். இதுல என்ன கேஸு?"

"நோயாளி செத்துப்போனா?"

கண்ணைத் திறந்தாள். "அப்பவும் அவங்க உறுப்புதான் லா. நீதானே நாலு வார்த்தைன்னு சொன்ன. அதுல 'ரெண்டு பக்கமும் வலிக்காது'ன்னு எங்க இருக்கு?"

ஏப்ரல் 29, திங்கள்

பொருந்தவில்லை.

பிரேமலா போனில் பேசிவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். "அவ்ளோதான் சொல்றாங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாங்க." சுகுமாறன் சரி என்றார். இரண்டு மூன்று தடவை சரி சரி என்றார். பிறகு போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான் வேலையில் தப்பு செய்யவில்லை. அது எனக்குத் தெரியும்.

மே 8, புதன்

இதை நான் யோசிக்கவே இல்லை. யாருமே யோசிக்கவில்லை. பொருந்தவில்லை என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம். நம்ம ஆளுங்க விடுவாங்களா?

ராசம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "ரத்தம் சேருதுன்னாங்க. அப்புறம் எப்படித் தம்பி பொருந்தாது? அவளுக்குள்ள ஏதோ இருக்கு. என்னமோ பெரிய வியாதி. அதான் வெளிய சொல்ல மாட்டேங்குறாங்க." கஸ்தூரியை இரண்டு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். எல்லாம் சரி என்று சொல்ல, சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று.

சேதி லாயாங் லாயாங் என்கிற ஊர் வரைக்கும் போய்விட்டது. அங்கேதான் மாப்பிள்ளை வீடு. பையன் பெயர் அர்ச்சுனன், ரயில்வேயில் டெக்னீஷியன். போன தைப்பூசத்தில் பேசி முடித்த சம்பந்தம். ஊரெல்லாம் கூப்பிட்டு மாலை போட்ட பெண்ணை டாக்டர்கள் வேண்டாம் என்றால் அவளுக்கு என்ன கோளாறு? இது அவர்கள் கேள்வி. நிச்சயதார்த்தத்தைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

கஸ்தூரிக்கு ஒரு வியாதியும் இல்லை. எனக்குத் தெரியும். சொல்ல முடியாது. ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று நான் சொல்கிற அந்த நிமிடமே, அப்படியானால் ஏன் கொடுக்கவில்லை என்பதும் வெளியே வந்துவிடும்.

மே 13, திங்கள்

மத்தியானம் முழுக்க மழை. சுகுமாறன் தூங்கவில்லை. எல்லோரும் மூழ்கிக் கிடக்கிற அறையில் ஒரே ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் மற்றவர்களின் தூக்கம் கூடக் கலங்குகிறது. அல்லது எனக்கு மட்டும் அப்படி இருந்ததோ என்னவோ.

"டிரஸர். கஸ்தூரிக்கு என்ன வியாதி?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியும். நீ பொய் சொன்னா காது சிவக்குது."

நான் ரத்த அழுத்தம் எடுத்தேன். தொண்ணூறுக்குக் கீழே இறங்கியிருந்தது. வீட்டிலும் சாப்பிடுவதில்லையாம்.

"என்னோட வியாதிதானே அவளுக்கும்? எனக்கே ஏன் வந்துச்சின்னு தெரியல. ஒரே ரத்தம். இன்னும் அஞ்சு வருசத்துல அவளும் இங்க வந்து படுக்கப்போறாளா? அதோ அந்த எட்டாம் நாற்காலி காலியாத்தான் இருக்கு." குரல் உயரவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு கிட்னி வேணாம் டிரஸர். அவளுக்கு ஒன்னும் இல்லைன்னு மட்டும் சொல்லு. நான் தூங்கிருவேன்."

ஒரு வாக்கியம் போதும். சொன்னால் இவர் தூங்குவார். இரண்டு நாள் கழித்து, அவள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள் என்பது புரியும். அப்போதும் இதே நாற்காலியில், இதே ஊசியோடுதான் கிடப்பார். அந்த வாக்கியம் என் சொத்தும் இல்லை. என்னிடம் ஒப்படைத்து வைத்திருப்பவள் கஸ்தூரி.

"அத அவகிட்டயே கேளுங்க," என்றேன்.

"கேட்டா அழுவுறா."

எனக்கு நாலு வார்த்தை மனப்பாடம். முழு மதிப்பெண். என்னாத்துக்கு?

மே 14, செவ்வாய்

இரவு ஒரு கனவு. நான் ஏழாம் நாற்காலியில் படுத்திருக்கிறேன். எல்லா நோயாளிகளும் எழுந்து வந்து வரிசையாக என் கன்னத்தில் சந்தனம் பூசுகிறார்கள். சொல்லு, சொல்லு என்கிறார்கள். வாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. தித்திப்பாக இருக்கிறது. நிற்கவே மாட்டேன் என்கிறது.

மே 16, வியாழன்

கஸ்தூரிக்குப் போன் செய்தேன். இதையும் செய்யலாமா கூடாதா என்று காலையிலிருந்து யோசித்து, சுகுமாறன் சொன்ன எதையும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் எடுத்தேன்.

"உங்க அண்ணன்கிட்ட பேசு," என்றேன்.

"நீங்க சொல்லிட்டீங்களா?"

"இல்ல. சொல்லவும் மாட்டேன். நீ சொல்லணும்னும் நான் சொல்லல. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஆனா நீ அவர் பக்கத்துல ஒரு தடவ உக்காரணும்."

பின்னால் ஃபேக்டரி சைரன் கேட்டது.

"எதுக்குண்ணே எங்க குடும்பத்துல உங்களுக்கு இவ்ளோ அக்கறை?"

கோபமாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா தெரியவில்லை. அவர் பிரஷர் இறங்குது என்று மட்டும் சொன்னேன். வேறு எதையும் சொல்ல எனக்கு உரிமையில்லை. இதைச் சொல்லவும் உரிமையில்லை என்பது போனை வைத்தபிறகு தோன்றியது.

மே 22, புதன்

வந்தாள். யூனிஃபார்மோடு நேராக வந்து ஏழாம் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நான் பத்தாம் நாற்காலிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை.

அவள் பேசியது கேட்கவில்லை. மெஷின்களின் சத்தம் எல்லாவற்றையும் பஞ்சு மாதிரி மூடிக்கொண்டது. குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள். சுகுமாறனின் இடது கையில் ஊசி, அசைக்க முடியாது. வலது கை போர்வைக்குள். ஒரு கட்டத்தில் அவள் பேச்சு நின்றது. வெயில் திரையின் இடுக்கு வழியாக வந்து தரையில் நீளமாகக் கிடந்தது, மெல்ல நகர்ந்தது. யாரோ குறட்டை விட்டார்கள்.

பிறகு போர்வைக்குள்ளிருந்து அந்தக் கை வெளியே வந்தது. அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டியது. பலமாக இல்லை. சின்ன வயதில் அடிக்கிற மாதிரி. அங்கேயே இருந்துவிட்டது.

மே 24, வெள்ளி

சுகுமாறன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மே 31, வெள்ளி

இன்றைக்கும் பேசவில்லை. ஆனால் தூங்கினார்.

ஜூன் 5, புதன்

"டிரஸர், வீட்டுல சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"நான்தான் ஆஸ்பத்திரில வேணாம்னு சொன்னேன்னு. கட்டிக் குடுக்கப்போற புள்ளைய வெட்ட வேணாம், பொருந்தலன்னு சொல்லி அனுப்புங்கன்னு டாக்டர்கிட்ட கெஞ்சுனேன்னு சொல்லிட்டேன். அவளுக்கு ஒரு வியாதியும் இல்ல, குத்துக்கல்லு மாதிரி இருக்கான்னு அர்ச்சுனன் அப்பாவுக்கும் போன் போட்டேன்."

நான் ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"தட்ட தூக்கி எறிஞ்சிருச்சி. சாகத்தான் ஆசையாடான்னு கேட்டுச்சி. பிரேமலா ஒரு வாரமா மூஞ்சியக் காட்டல." கொஞ்சம் சிரித்தார். "பரவால்ல லா. பெரிய ஆஸ்பத்திரி லிஸ்ட்ல என் பேரு இருக்கு. செத்தவங்க யாராச்சும் குடுத்தா உண்டு. பத்து வருசம் ஆகுங்கிறாங்க. பத்து வருசம் உன் மூஞ்சியப் பாக்கணும். உன்ன யாராச்சும் கேட்டா, நான்தான் வேணாம்னேன்னு சொல்லணும்."

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியும். அப்ப வாய மூடிக்க."

"என் மேல கோவமா?"

யோசித்தார். "இருந்துச்சி. யாரு மேலன்னுதான் தெரியல. நீ பக்கத்துல இருந்த."

ஊசியைக் குத்தினேன். நல்ல நரம்பு. இன்றைக்கு ஒரே குத்தில் போனது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கோர்ஸுக்குக் கேஸ் அனுப்பிவிட்டேன். ரத்தம் ஏற்ற ஒப்புதல் வாங்காமல் விட்ட ஒரு பழைய சம்பவம். அரைப் பக்கம். யாரையும் பாதிக்காது. அறுபத்தைந்து மதிப்பெண் வரும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மூடிய வானம், மழை இல்லை. வெளியே பழம் பழுக்க வைத்த அறை மாதிரி ஒரு வெதுவெதுப்பு. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ராசம்மா கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். அடுத்த மாதம் எட்டாம் தேதி, குலாயிலேயே மண்டபம். வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார். மஞ்சள் தடவிய மூலை என் கையுறையில் ஒட்டிக்கொண்டது. உள்ளே போகாமல் கதவருகிலேயே நின்று ஏழாம் நாற்காலியைப் பார்த்தார்.

"அவன்தான் வேணாம்னானா தம்பி?"

இரண்டரை மாதமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். "நோயாளி விஷயம் எதையும் நான் வெளிய பேசக்கூடாதும்மா."

"பேசாத. நான் பெத்ததுங்க எனக்குத் தெரியாதா?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அவன் தங்கச்சி தட்டுல இருக்கிற முட்டையவே எடுத்துத் தின்னுட்டு ஓடுறவன். இன்னைக்கு வரைக்கும் ஒன்ன வேணாம்னு சொன்னதில்ல. கிட்னிய வேணாம்னு சொல்லிட்டானாம்."

நான் தரையைப் பார்த்தேன். காது சூடாவது தெரிந்தது.

"அவள நான் நாற்காலில உக்கார வச்சிருக்கக்கூடாது. மைக்க வேற புடிச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கினார். "எனக்குத் தெரியும்னு அவங்க ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம். அண்ணனா நின்னு ஒன்னு செஞ்சிருக்கான். அது அப்படியே இருக்கட்டும். சரியா?"

"சரிம்மா."

கண்ணாடிக் கதவு மூடியது. வெளியே போய்க் குடையை விரித்தார், மழை இல்லாமலே.

ஏழாம் நாற்காலி மெஷின் கூப்பிட்டது. குழாய் லேசாக மடங்கியிருந்தது. நிமிர்த்திவிட்டேன். சுகுமாறன் அரைக்கண் திறந்தார். எங்கோ தூரத்திலிருந்து வருகிற மாதிரிக் குரல்.

"அம்மா என்ன சொல்லிச்சி?"

"பத்திரிகை குடுத்தாங்க," என்றேன். நழுவியிருந்த போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டேன்.